மூன்று பிள்ளைகள், மூன்று வயது, ஒரே ஆள்: வீட்டுக்கல்வி நாளைத் திட்டமிடும் வழி

இரண்டு மூன்று பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கத் தொடங்குகிறவர்கள் முதல் வேலையாகப் பாடப்புத்தகங்களை அடுக்கிவைத்து, பள்ளிக்கூட டைம்டேபிள் மாதிரி ஒன்றை ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுதி ஒட்டுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். முதல் நாள் 10:30 மணிக்குள் குலைந்துவிடும். பாடம் கடினம் என்பதாலோ பிள்ளைகள் அடங்கவில்லை என்பதாலோ அது குலைவதில்லை. 10 மணிக்கு மூத்தவளுக்குப் பின்னக் கணக்கு புரியவில்லை. அதே 10 மணிக்கு நடுவிலவன் சொல்வதெழுத நோட்டோடு காத்திருக்கிறான். அதே 10 மணிக்குக் கடைக்குட்டி எழுத்துக்கூட்டிப் படிக்க மடியில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. சொல்லிக்கொடுக்க ஆள் ஒருவர்தான்.

வீட்டில் புத்தகத்துக்கோ இடத்துக்கோ பஞ்சம் வருவதைவிட உங்கள் நிமிடங்களுக்குத்தான் பஞ்சம் வரும். எனவே அட்டவணையை உங்கள் நிமிடங்களிலிருந்து தொடங்குங்கள். பிள்ளைகளின் பாடங்கள் அதற்குள் தானாக இடம் தேடிக்கொள்ளும். கீழே வருவதெல்லாம் இந்த ஒன்றைச் செய்வதற்கான வழிமுறைதான். எடுத்துக்காட்டுக்கு 12 வயது மூத்தவள், 8 வயது நடுவிலவன், 5 வயதுக் கடைக்குட்டி என்று வைத்துக்கொள்வோம்.

வேறு எதற்கும் முன்னால் ஒரு வேலை: நீங்கள் வாழும் நாட்டின் சட்டத்தைப் பாருங்கள். சில நாடுகளில் முன்கூட்டிப் பதிவு செய்ய வேண்டும், சிலவற்றில் ஆண்டுத் தேர்வோ அதிகாரியின் பார்வையிடலோ உண்டு. ஜெர்மனி போன்ற நாடுகளில் பள்ளிக்குப் போவதே கட்டாயம். பிள்ளை பின்னாளில் எந்தப் பொதுத்தேர்வை, எந்த வழியாக எழுதப்போகிறது என்பதையும் இப்போதே தெரிந்துவைத்துக்கொண்டால் 14 வயதில் தலையில் கைவைக்க வேண்டியிருக்காது.

எவ்வளவு நேரம் உட்கார வைக்கலாம்

பள்ளிக்கூடம் 6 மணி நேரம் நடக்கிறது என்பதற்காக வீட்டிலும் 6 மணி நேரம் நடத்த வேண்டியதில்லை. அங்கே வருகைப்பதிவு, வரிசை, நோட்டு விநியோகம், 40 பேரும் எழுதி முடிக்கும்வரை காத்திருப்பது என்று நேரம் கரைகிறது. வீட்டில் அவை இல்லை. பட்டறிவிலிருந்து வரும் தோராயக் கணக்கு இது: 5, 6 வயதுக்கு ஒரு தடவைக்கு 15 நிமிடம், நாளுக்கு மொத்தம் 1 மணி நேரம். 7 முதல் 9 வயதுக்கு 20–25 நிமிடம், மொத்தம் 2 மணி நேரம். 10 முதல் 12 வயதுக்கு 30–40 நிமிடம், மொத்தம் 3 மணி நேரம் வரை. 13 தாண்டினால் ஒரே மூச்சில் 45 நிமிடம் உட்கார்வார்கள், மொத்தம் 4 மணி நேரத்துக்கு மேலும் போகலாம்.

உங்கள் பிள்ளைக்குச் சரியான அளவு எது என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் கவனித்தால் போதும். பென்சிலை உருட்டுவது, நாற்காலியில் சரிவது, "இன்னும் எத்தனை இருக்கு?" என்று கேட்பது எந்த நிமிடத்தில் தொடங்குகிறதோ அதற்கு 2 நிமிடம் முன்னால் நிறுத்துங்கள். சலித்தபின் நிறுத்தினால், சிணுங்கினால் பாடம் முடியும் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும்போதே முடித்தால் நாளைக்கு எதிர்ப்பு குறையும்.

வேலையை மூன்று கட்டாகப் பிரிப்பது

ஒரு தாளில் எல்லாப் பிள்ளைகளின் எல்லாப் பாடங்களையும் எழுதிவிட்டு ஒவ்வொன்றின் எதிரிலும் மூன்றில் ஒரு சொல்லை எழுதுங்கள்: சேர்ந்து, கூட, தனியே.

"சேர்ந்து" என்றால் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே விஷயத்தை எடுத்துக்கொள்வது: கதை வாசித்தல், வரலாறு, அறிவியல், புவியியல், ஓவியம், இசை. "கூட" என்றால் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தே ஆக வேண்டியது: எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகுவது, கணக்கில் புதிய பாடம், எழுதிய கட்டுரையைத் திருத்துவது. "தனியே" என்றால் நீங்கள் இல்லாமல் நடப்பது: கையெழுத்துப் பயிற்சி, ஏற்கெனவே தெரிந்த கணக்கைப் பழகுவது, மௌன வாசிப்பு, குறிப்பெடுப்பது.

கணக்கையும் எழுத்துக்கூட்டுவதையும் "சேர்ந்து" பகுதிக்குள் திணிக்காதீர்கள். இரண்டும் படிக்கட்டு மாதிரி. கீழ்ப்படி இல்லாமல் மேல்படி ஏற முடியாது. 8 வயதுக்காரனுக்கும் 12 வயதுக்காரிக்கும் சேர்த்து ஒரு கணக்குப் பாடம் எடுத்தால் ஒருவருக்குச் சலிப்பு, இன்னொருவருக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. வரலாறு அப்படியில்லை. எங்கிருந்து நுழைந்தாலும் ஏதோ ஒன்று கையில் கிடைக்கும்.

இனி உங்கள் நிமிடங்களைக் கூட்டுங்கள். "தனியே" என்று எழுதியதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். நம் எடுத்துக்காட்டில் சேர்ந்து 40 நிமிடம், கடைக்குட்டியோடு 15 நிமிடம் இரண்டு முறை, நடுவிலவனோடு 25-உம் 20-உம், மூத்தவளோடு 20-உம் 15-உம். மொத்தம் 150 நிமிடம். இதில் கால்பங்கைச் சிதறலுக்கென்று சேர்க்க வேண்டும்: கழிப்பறை, கொட்டிய தண்ணீர், வாசலில் வந்து நிற்கும் ஆள். ஏறக்குறைய 40 நிமிடம். ஆக 190 நிமிடம், அதாவது 3 மணி 10 நிமிடம். இந்த எண் உங்களால் கொடுக்க முடிகிற நேரத்தைவிடப் பெரிதாக வந்தால் வேகத்தைக் கூட்டிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். எதையாவது "கூட" பகுதியிலிருந்து "சேர்ந்து" பகுதிக்கு மாற்றுங்கள், அல்லது வாரத்துக்கு 5 நாள் என்பதை 3 நாளாக்குங்கள்.

கட்டம் போடுவது

ஒரு தாளைக் கிடைமட்டமாக வைத்து நான்கு பத்தி கீறுங்கள்: நேரம், மூத்தவள், நடுவிலவன், கடைக்குட்டி. விதி ஒன்றுதான். ஒரு வரிசையில் "கூட" என்ற சொல் ஒரே ஒரு தடவைதான் வரலாம். இரண்டு வந்துவிட்டால் அந்த வரிசை நிஜத்தில் நடக்காது, திருத்தி எழுதுங்கள். பேனாவால் எழுத வேண்டாம். முதல் மாதம் குறைந்தது நான்கு தடவை அழிப்பீர்கள்.

நிரப்பினால் இப்படி வரும்:

9:00–9:40: எல்லாரும் சேர்ந்து.

9:40–9:55: கடைக்குட்டியோடு நீங்கள், எழுத்துக்கூட்டிப் படித்தல். நடுவிலவன் கையெழுத்துப் பயிற்சி. மூத்தவள் நேற்று நடத்திய கணக்கில் பயிற்சி.

9:55–10:20: நடுவிலவனோடு கணக்கு. கடைக்குட்டிக்கு விளையாட்டுப் பெட்டி. மூத்தவள் அதே கணக்கைத் தொடர்கிறாள்.

10:20–10:40: எல்லாருக்கும் இடைவேளை, முடிந்தால் வெளியில்.

10:40–10:55: கடைக்குட்டியோடு எண்கள். நடுவிலவன் மௌன வாசிப்பு. மூத்தவள் அறிவியல் பகுதியை வாசித்துக் குறிப்பெடுக்கிறாள்.

10:55–11:15: மூத்தவளோடு கணக்குத் திருத்தமும் புதிய பாடமும். நடுவிலவன் வாசிப்பைத் தொடர்கிறான். கடைக்குட்டி விடுதலை, அன்றைய அதன் படிப்பு முடிந்தது.

11:15–11:35: நடுவிலவனோடு உரக்க வாசிப்பு, சொல்வதெழுதுதல். மூத்தவள் எழுத்து வேலை.

11:35–11:50: மூத்தவளோடு அவள் எழுதியதைப் பார்ப்பது. நடுவிலவன் தன் பட்டியலில் மீதியை முடிக்கிறான்.

11:50–12:30: காலி. இதுதான் அந்த 40 நிமிடச் சிதறல் நேரம். காலையில் நழுவியது எல்லாம் இங்கே வந்து விழும். எதுவும் நழுவவில்லை என்றால் சீக்கிரம் முடிந்ததென்று எழுந்துவிடலாம். காலியாக இருக்கிறதே என்று இதற்குள் இன்னொரு பாடத்தைச் செருகுவதுதான் புதியவர்கள் தவறாமல் செய்யும் பிழை. மூத்தவளின் நீண்ட வாசிப்பையும் தனி வேலையையும் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு நீங்கள் தேவையில்லை.

கடைக்குட்டியை முதலில் எடுத்துக்கொண்டது சும்மா இல்லை. சின்னப் பிள்ளையைக் கடைசிவரை காத்திருக்கச் சொன்னால் அது காத்திருக்காது. 5 நிமிடத்துக்கு ஒரு தடவை வந்து சட்டையை இழுக்கும். முதல் 15 நிமிடம் முழுசாக அதனோடு இருந்துவிட்டால் அடுத்த 25 நிமிடம் தானாக விளையாடும். அரைக் கவனத்தோடு அரை மணி நேரம் கொடுத்தாலும் இந்தப் பலன் வராது.

தனி வேலை: நாள் உடையும் இடம்

அட்டவணை சரியாக இருந்தும் நாள் உடைகிறதென்றால் பெரும்பாலும் "தனியே" என்று கொடுத்த வேலையில்தான் கோளாறு இருக்கும். புதியது கூட இருந்து, பழையது தனியாக: இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. தனியே கொடுக்கும் 10 கணக்கில் 9 அவனுக்கு ஏற்கெனவே வருகிற மாதிரி இருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பதற்கு ஒரு கணக்கைப் பார்க்கலாம். 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால், கடன் வாங்குவது பாதி புரிந்த பிள்ளை ஒன்றாம் இடத்தில் 2-இலிருந்து 7 போகாது என்பதைப் பார்த்துவிட்டு, 7-இலிருந்து 2-ஐக் கழித்து 5 என்று போடும். பத்தாம் இடத்தில் 5-இலிருந்து 2 போய் 3. விடை 35. அதன் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாது. நீங்கள் இன்னொரு பிள்ளையோடு இருக்கும் 25 நிமிடத்தில் இதே மாதிரி 20 கணக்கு போட்டு முடித்துப் பெருமையாக நீட்டும். 20 தடவை தவறாகப் பழகியதை மறக்கவைப்பது புதிதாகச் சொல்லிக்கொடுப்பதைவிடக் கடினம். பக்கத்தில் இருந்திருந்தால் முதல் கணக்கிலேயே "2-இல் 7 போகுமா?" என்று ஒரு கேள்வியில் முடிந்திருக்கும். எனவே தனியே பயிற்சி கொடுப்பதற்கு முன் உங்கள் கண் முன்னால் 3 கணக்கு சரியாகப் போட வேண்டும். மூன்றும் சரியென்றால் விடலாம். மூன்றில் ஒன்று தவறினாலும் அது இன்னும் "கூட" வேலைதான்.

அடுத்தது பொருள்கள். ஆளுக்கு ஒரு பெட்டி அல்லது தட்டு: சீவிய பென்சில் 3, அழிப்பான், அளவுகோல், அன்றைய புத்தகங்கள், ஒவ்வொன்றிலும் பக்க அடையாளம் வைத்து. இதை முந்தைய இரவு 10 நிமிடத்தில் முடித்துவிட வேண்டும். ஷார்ப்னர் தேடப்போன பிள்ளை திரும்பி வரும்போது கையில் ஷார்ப்னர் இருக்காது, பொம்மை இருக்கும்.

பட்டியல் வயதுக்கேற்ப இருக்கட்டும். 5 வயதுக்குப் படம் ஒட்டிய 3 அட்டை. முடித்ததைத் திருப்பி வைத்தால் போதும். 8 வயதுக்கு நாளொன்றுக்கு 4 வரி, எவ்வளவு என்ற அளவோடு. "கணக்குப் போடு" என்று எழுதினால் பேரம் தொடங்கும்; "பக்கம் 41, ஒற்றை எண் கணக்குகள் மட்டும்" என்று எழுதினால் பேரத்துக்கு இடமில்லை. 11, 12 வயதுக்கு வாரப் பட்டியலாகக் கொடுத்து, எந்த நாள் எதைச் செய்வது என்பதை அவர்களே பிரிக்கட்டும். முதல் இரண்டு மூன்று வாரம் எல்லாவற்றையும் வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிவிட்டு விழிப்பார்கள். விழிக்கட்டும். தினமும் 2 நிமிடம் பட்டியலைச் சேர்ந்து பாருங்கள், அவர்களுக்காக நீங்கள் பிரித்துக்கொடுக்காதீர்கள்.

தடுக்கினால் என்ன செய்வது என்பதும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். சுவரில் நான்கு வரி ஒட்டுங்கள்: கேள்வியை மெல்ல உரக்கப் படி. நேற்றுப் போட்ட மாதிரிக் கணக்கைப் பார். அப்போதும் வரவில்லை என்றால் நட்சத்திரம் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போ. உன் முறை வரும்போது நட்சத்திரங்களைக் காட்டு. நீங்கள் ஒரு பிள்ளையோடு இருக்கும்போது மேசைமேல் ஒரு சிவப்பு அட்டையை நிறுத்தி வையுங்கள். அட்டை நிற்கிறவரை ரத்தம், நெருப்பு, வாந்தி, கழிப்பறை தவிர வேறெதற்கும் குறுக்கே வரக்கூடாது. இதை அவர்கள் மதிக்க வேண்டுமென்றால் முதலில் நீங்கள் மதிக்க வேண்டும். அட்டை நிற்கும்போது கைபேசி ஒலித்து நீங்கள் எடுத்தால் மறுநாளிலிருந்து அது வெறும் காகிதம்.

10 வயது தாண்டிய பிள்ளை விடைத்தாளை வைத்துத் தானே சரிபார்க்கலாம். நீங்கள் 20-இல் 3 மட்டும் எடுத்துப் பாருங்கள், ஒன்றை எப்படிப் போட்டாய் என்று வாயால் சொல்லச் சொல்லுங்கள். எல்லாம் அன்றைக்கே நடக்க வேண்டும். நான்கு நாள் நோட்டைச் சேர்த்துவைத்து ஞாயிற்றுக்கிழமை திருத்துவது உங்களுக்குத்தான் தண்டனை, பிள்ளைக்குப் பயனில்லை.

சேர்ந்து படிக்கும் நேரம்

மாண்டிசோரி பள்ளிகளில் 3 முதல் 6, 6 முதல் 9, 9 முதல் 12 என்று மும்மூன்று வயதாக ஒரே அறையில் வைப்பது வழக்கம். வீட்டிலும் 3 வயதுக்குள் இடைவெளி உள்ள பிள்ளைகளுக்கு ஒரே பாடத்தை ஏறக்குறைய அப்படியே நடத்தலாம். அதைத் தாண்டினால் பாடம் ஒன்று, வேலை வேறுவேறு என்று பிரிக்க வேண்டும்.

பச்சைப்பயறு முளைப்பதை எடுத்துக்கொள்வோம். ஒரு கைப்பிடிப் பயறை 8 மணி நேரம் ஊறவையுங்கள். கண்ணாடிக் குவளையின் உள்சுவரை ஒட்டி மெல்லிய காகிதத்தைச் சுருட்டி வைத்து, காகிதத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே 5 பயறுகளைச் செருகுங்கள். அடியில் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர். விதை தண்ணீருக்கு மேலேதான் இருக்க வேண்டும், காகிதம் ஈரத்தை ஏற்றிக் கொடுக்கும். விதை மூழ்கினால் மூச்சுவிடக் காற்றில்லாமல் அழுகி நாறும். இந்தச் சோதனை பாழாவதற்கு வழக்கமான காரணம் இதுதான். வெதுவெதுப்பான இடமென்றால் ஓரிரு நாளில் வேர் எட்டிப்பார்க்கும்.

கடைக்குட்டி தினமும் படம் வரைந்து, எத்தனை முளைத்திருக்கிறது என்று எண்ணும். நடுவிலவன் அளவுகோலைக் கண்ணாடிமேல் வைத்து வேர் எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதி, ஒரு முழு வாக்கியமும் எழுதுவான். மூத்தவளுக்கு மூன்று குவளை: ஒன்று வெளிச்சத்தில், ஒன்று இருட்டு அலமாரியில், ஒன்று ஊறவைக்காத விதையோடு தண்ணீரே இல்லாமல். எந்த ஒன்றை மட்டும் மாற்றினோம், எதையெல்லாம் மாற்றவில்லை என்று முதலில் எழுதிவிட்டு, பிறகு அட்டவணை, வரைபடம். ஒரு வாரத்தில் இருட்டில் இருந்தது வெளிச்சத்தில் இருந்ததைவிட நெடுநெடுவென்று வளர்ந்து வெளிறியிருப்பதைப் பார்த்து மூவருமே வாயைப் பிளப்பார்கள். முளைக்க வெளிச்சம் தேவையில்லை, பச்சையம் உண்டாகத்தான் தேவை, வெளிச்சத்தைத் தேடித்தான் தண்டு நீள்கிறது என்ற விளக்கம் மூத்தவளின் நோட்டுக்குப் போகும். கடைக்குட்டிக்கு "அது சூரியனைத் தேடுது" என்பதே நிறைவு. இத்தனைக்கும் உங்கள் நேரம் நாளுக்கு 10 நிமிடம்.

உரக்க வாசிக்கும்போது நடுப்பிள்ளையின் தரத்தைவிடச் சற்று மேலே உள்ள புத்தகத்தை எடுங்கள். மூத்தவளுக்குத் தனியே கூடுதலாக இரண்டு பக்கம் கொடுக்கலாம். கடைக்குட்டியின் கைக்கு வேலை கொடுங்கள், களிமண்ணோ வண்ணக்குச்சியோ. கை ஓடினால் காது கேட்கும். வாசித்து முடித்ததும் திருப்பிச் சொல்லச் சொன்னால் எப்போதும் சிறியதிலிருந்து தொடங்குங்கள். மூத்தவள் முதலில் வாய் திறந்தால் மற்றவர்களுக்குச் சொல்ல மிச்சமே இருக்காது. கடைக்குட்டி இரண்டு வாக்கியம், நடுவிலவன் விட்டுப்போனது, கடைசியில் மூத்தவள் ஏன், எதனால் என்பது.

தவழும் குழந்தை வீட்டில் இருந்தால்

மேலே போட்ட கட்டத்தில் இன்னொரு பத்தியைக் கூட்டிக்கொள்ளுங்கள், குழந்தைக்கு. அது தூங்கும் நேரம் உங்களுக்குக் கிடைக்கும் தங்கமான நேரம். அதில் துணி மடிக்கவோ நோட்டு திருத்தவோ போகாதீர்கள். மூத்த பிள்ளையின் மிகக் கடினமான பாடத்தை வையுங்கள்.

விழித்திருக்கும் நேரத்துக்கு 5 பெட்டிகள், கிழமைக்கு ஒன்று. மூடியுள்ள டப்பாக்களும் அவற்றுக்குப் பொருந்தும் மூடிகளும், பெரிய மரக்கட்டைகள், துணித்துண்டுகள், தடித்த அட்டைப் புத்தகங்கள், ஒன்றுக்குள் ஒன்று போகும் கிண்ணங்கள். படிப்பு நேரம் தவிர மற்ற நேரம் பெட்டி கண்ணில் படவே கூடாது, பட்டால் புதுமை போய்விடும். ஒரு பெட்டி 15, 20 நிமிடத்துக்கு மேல் தாங்காது. அதைத் தெரிந்துகொண்டே திட்டமிடுங்கள். 3 வயதுக்குக் கீழ் என்றால் வாய்க்குள் போகும் அளவில் எதுவும் கூடாது. பொத்தான் பேட்டரியும் சிறு காந்தமும் வீட்டில் அந்தக் குழந்தைக்கு எட்டும் இடத்தில் இருக்கவே கூடாது; விழுங்கினால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய பொருள்கள் அவை. மூத்த பிள்ளைகளின் அறிவியல் பெட்டியில் இவை இரண்டும் இருக்கும் என்பதை மறந்துவிடுகிறோம்.

மூத்த பிள்ளையைச் சட்டாம்பிள்ளை ஆக்காமல்

மூத்தவள் சின்னதைப் பார்த்துக்கொள்வாள் என்ற நம்பிக்கையில் கட்டம் போட்டால் சில வாரம் ஓடும், பிறகு கசக்கும். அவளுடைய படிப்பு நேரத்தில்தான் கைவைக்கிறோம் என்பது அவளுக்குத் தெரியும். வாரத்தில் இரண்டு மூன்று நாள், 10–15 நிமிடம், கதை வாசித்துக்காட்டுவது அல்லது எண் விளையாட்டு என்ற அளவோடு நிறுத்துங்கள். திருத்துவது, அதட்டுவது, மதிப்பெண் போடுவது உங்கள் வேலையாகவே இருக்கட்டும். தம்பி தவறாகப் படித்ததற்கு அக்கா சிரித்த ஒரே காரணத்துக்காக வாசிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளைகள் உண்டு.

வயது நெருக்கமாக இருந்து இளையவன் கணக்கில் மூத்தவனை எட்டிப்பிடிக்கும்போது வேறு சிக்கல். இருவருக்கும் ஒரே வரிசைப் புத்தகம் என்றால் யார் எத்தனையாவது பாகம் என்பது போட்டியாகிவிடும். வேறுவேறு வரிசைப் புத்தகம் கொடுங்கள், முடிந்தால் கணக்கை வேறுவேறு நேரத்தில் வையுங்கள். நேரமும் எல்லாருக்கும் சமமாக இருக்காது. 5 வயதுக்கு 30 நிமிடம், 8 வயதுக்கு 45. ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்று பிள்ளைகள் கேட்பார்கள். கட்டத்தைக் காட்டி, அவரவர் பெயருக்கு நேரே "கூட" எங்கே இருக்கிறது என்று காட்டினால் சண்டை பாதி அடங்கும். தன் முறை உறுதியாக வரும் என்று தெரிந்த பிள்ளை காத்திருக்கும்.

மனப்பாடத்துக்கு அட்டைப்பெட்டி

வாய்ப்பாடு, எழுத்துப்பிழைச் சொற்கள், தலைநகரங்கள் மாதிரியானவற்றுக்கு உங்கள் நிமிடங்களைச் செலவிட வேண்டாம். படித்தது முதல் சில நாளிலேயே வேகமாக மறந்துபோகிறது என்பதையும், இடைவெளி விட்டு மறுபடி பார்த்தால் நிற்கிறது என்பதையும் ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-இல் தன்மீதே சோதனை செய்து எழுதினார். 1970-களில் செபாஸ்டியன் லைட்னர் என்ற அறிவியல் எழுத்தாளர் அதை ஒரு பெட்டிக்குள் அடக்கினார். 5 அறையுள்ள நீளப்பெட்டி. கேள்வி அட்டையின் முன்பக்கம், விடை பின்பக்கம். புதிய அட்டை முதல் அறையில். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்கு, தவறினால் எங்கிருந்தாலும் முதல் அறைக்குத் திரும்பும். முதல் அறை தினமும், இரண்டாவது ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றாவது 4 நாளுக்கு ஒருமுறை, நான்காவது வாரம் ஒருமுறை, ஐந்தாவது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை.

ஆளுக்கொரு பெட்டி, நாளுக்கு 5 நிமிடம். 8 வயதுக்கு நாளொன்றுக்குப் புதிய அட்டை 3-க்கு மேல் வேண்டாம். ஆர்வத்தில் முதல் நாளே 40 அட்டை எழுதிப் போட்டால் ஒரு வாரத்தில் முதல் அறை நிரம்பி வழியும், 5 நிமிடம் 25 நிமிடமாகும், பெட்டி மூலைக்குப் போகும்.

விட்டுப்போகும் பாடங்களும் கெட்ட நாட்களும்

ஓவியம் செவ்வாய், இசை புதன் என்று கிழமை குறித்தால், செவ்வாய்க்கிழமை யாருக்காவது காய்ச்சல் வந்தால் ஓவியம் அடுத்த வாரம்தான். இரண்டு வாரம் அப்படிப் போனால் ஒழிந்தது. கிழமைக்குப் பதில் சுழல்பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்: ஓவியம், புவியியல், சோதனை, இசை, செய்யுள் என்று ஐந்தை வரிசையாக எழுதி, அந்த நேரம் வரும்போதெல்லாம் அடுத்தது எதுவோ அதைச் செய்வது. தவறிய நாளில் வரிசை நகர்வதில்லை, அவ்வளவுதான்.

கெட்ட நாளுக்கு முன்கூட்டியே ஒரு குட்டி அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். எல்லாரும் சேர்ந்து 20 நிமிட வாசிப்பு, ஆளுக்கு 10 நிமிடக் கணக்கு, ஆளுக்கு 5 நிமிடம் அட்டைப்பெட்டி அல்லது எழுத்து. ஒரு மணி நேரத்துக்குள் முடியும். உங்களுக்குத் தலைவலி என்று தெரிந்த காலையில் உட்கார்ந்து எதை விடலாம் என்று யோசிக்க முடியாது. அதனால்தான் முன்கூட்டியே. மாதத்தில் 3, 4 நாள் இப்படிப் போவது இயல்பு. வாரத்தில் மூன்று நாள் இப்படிப் போனால் வழக்கமான கட்டமே கனமாகிவிட்டது என்று பொருள்.

காணொளியை வைத்துச் சின்னதைச் சமாளிக்கலாமா என்றால், வைக்கலாம், ஆனால் காலையின் கடைசித் துண்டில் வையுங்கள். 9:40-க்குத் திரையைக் காட்டிவிட்டு 9:55-க்கு நிறுத்தினால் அடுத்த 15 நிமிடம் அழுகையைச் சமாளிப்பதில் போகும்.

முதல் மூன்று வாரம்

எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமை தொடங்காதீர்கள். முதல் வாரம் சேர்ந்து படிக்கும் நேரமும் கணக்கும் மட்டும். இரண்டாம் வாரம் வாசிப்பும் எழுத்தும். மூன்றாம் வாரம் மீதி. சிவப்பு அட்டையைப் பாடம் இல்லாமலேயே பழக்குங்கள்: முதல் நாள் டைமரில் 5 நிமிடம், அவரவர் வேலை, யாரும் கூப்பிடாமல். நன்றாகப் போனால் 8, பிறகு 12, பிறகு 20. பள்ளிக்கூடத்திலிருந்து இப்போதுதான் நின்ற பிள்ளையென்றால் இதற்கு முன்னால் சில வாரம் வாசிப்பு, வெளியில் நடை, கைவேலை என்று இளகவிடுவது நல்லது. மணியடித்தால் எழுந்து நிற்கும் பழக்கம் ஒரே நாளில் போகாது.

பதிவுக்கு நாளுக்கு ஒரு வரி போதும்: தேதி, யார், எந்தப் பக்கம்வரை. அதைத் திட்டமாக முன்கூட்டி எழுதாமல், நடந்தபின் எழுதுங்கள். மாதம் ஒருமுறை ஒவ்வொரு பாடத்திலும் ஒரு தாளைத் தேதியோடு கோப்பில் போடுங்கள். அதிகாரிகள் கேட்டால் காட்டலாம். ஆறு மாதம் கழித்து முன்னேற்றமே இல்லையே என்று உங்களுக்குத் தோன்றும் நாளில் எடுத்துப் பார்க்கவும் உதவும்.

வெள்ளிக்கிழமை கால் மணி நேரம் ஒதுக்கி, அந்த வாரம் எந்த வரிசையில் அடிக்கடி இடறியது என்று கட்டத்தில் வட்டம் போடுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து ஒரே இடத்தில் வட்டம் விழுந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரே நேரத்தில் மூன்றை மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. முதலில் பார்க்க வேண்டியது அந்த நேரத்தில் "தனியே" இருந்த பிள்ளையின் வேலையைத்தான். குழந்தை பகல் தூக்கத்தை விட்டதும், கடைக்குட்டி தானாக வாசிக்கத் தொடங்கியதும், மூத்தவளின் பாடம் 20 நிமிடத்தில் அடங்காமல் போனதும் பழைய கட்டம் செல்லாது. அந்த வாரமே புதுத் தாளை எடுத்து நான்கு பத்தி கீறி, மறுபடி உங்கள் நிமிடங்களைக் கூட்டுவதிலிருந்து தொடங்குங்கள்.